உறைந்த எண்ணெய்க்குக் கிருமிக்கொல்லி

கோலார் மாவட்டத்துப் பங்காருபேட்டை ஜங்ஷனில் இறங்கி ஊருக்குள் நடப்பவர்கள் அந்த ஊர் பானி பூரியைத் தாண்டிப் போவது கடினம். மற்ற ஊர்களில் பச்சையாகவோ புளி நிறத்திலோ இருக்கும் ரசம் இங்கே குழாய்த் தண்ணீர் மாதிரி தெளிந்திருக்கும். காரம் எவ்வளவு என்பது நாக்கில் பட்ட பிறகுதான் தெரியும். மெடிக்கல் ஷாப்பில் கைமாறும் ஒரு சரக்கும் அந்த ரகம்தான். பார்வைக்குச் சாது, உள்ளே போன பிறகு என்ன செய்கிறது என்பதை வாங்குபவரும் கேட்பதில்லை, விற்பவரும் சொல்வதில்லை. அதை வாங்கும் பேச்சு ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"அண்ணா, கண்ணு ரெப்பை ஓரமெல்லாம் வீங்கிக்கினு எரியுது. காலைல எழுந்தா பீளை கட்டி ஒட்டிக்குது."

"எத்தினி நாளா?"

"அது ஆறு மாசமா வர்றதும் போறதுமா கீது."

"இன்ஃபெக்‌ஷன்தான்மா. ஒரு டியூப் தர்றேன், மாத்திரை தர்றேன். பத்து நாள் போட்டுப் பாருங்க."

ராபர்ட்சன்பேட்டையிலும் ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் இதே பேச்சுதான், இழுப்பு மட்டும் கொஞ்சம் மாறும். கடைக்காரரை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. வீட்டுப் பெரியவர்கள், பக்கத்து வீட்டுக்காரர், அவசரத்தில் இருக்கும் டாக்டர்களில் ஒரு பகுதியினர் எல்லோரும் சேர்ந்து காப்பாற்றி வரும் ஒரு நம்பிக்கை இது. இமையில் வீக்கம், சிவப்பு, பீளை என்றால் கிருமி. கிருமி என்றால் ஆன்டிபயாட்டிக். திரும்பத் திரும்ப வந்தால் கிருமி பலமானது; ஆகவே மாத்திரையும் பலமாக, நீண்ட நாளுக்கு வேண்டும். பக்க விளைவா? வயிறு கொஞ்சம் எரியும், ஒரு டம்ளர் பாலோடு போட்டால் போச்சு.

இதில் உள்ள ஒவ்வொரு கண்ணியும் பிசகு. ஆண்டுக்கணக்காக வந்து போகும் இமை நோய்க்கு, டாக்டர்கள் பிளெஃபரைட்டிஸ் என்று எழுதும் இமை ஓர அழற்சிக்கு, பெரும்பாலும் ஒரு கிருமியைப் பிடித்துக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற முடியாது. அங்கே நடப்பது எண்ணெய்த் தகராறு.

மேல் இமையிலும் கீழ் இமையிலும், முடிவரிசைக்குப் பின்னால், ஊசிமுனை அளவுக்குச் சின்னச் சின்ன வாய்கள் வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு எண்ணெய்ச் சுரப்பியின் வாய். 1666ஆம் ஆண்டு ஹைன்ரிக் மைபோம் என்ற ஜெர்மன் மருத்துவர் இவற்றை விரிவாக எழுதியதால் மைபோமியன் சுரப்பிகள் என்று பெயர். மேல் இமையில் முப்பது சொச்சம், கீழ் இமையில் அதைவிடக் கொஞ்சம் குறைவு. கண் சிமிட்டும் ஒவ்வொரு முறையும் இவற்றிலிருந்து துளி எண்ணெய் வந்து கண்ணீரின் மேல் படலமாகப் பரவும். படலம் இருந்தால் கண்ணீர் சீக்கிரம் காயாது. நல்ல நிலையில் அந்த எண்ணெய் செக்கில் ஆட்டிய எண்ணெய் மாதிரி தெளிவாக வழியும். நோயாளியின் இமையை டாக்டர் மெல்ல அழுத்தினால் பற்பசை டியூபைப் பிதுக்கியது போல வெள்ளையாக, கெட்டியாக வரும். சிலருக்கு எதுவுமே வராது.

கோலார் தங்கவயல் பக்கம் மார்கழியில் குளித்துவிட்டுத் தேங்காய் எண்ணெய் பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். எண்ணெய் வராது. கெட்டுப்போய்விட்டது என்று யாரும் பதறுவதில்லை, கிருமிநாசினி ஊற்றுவதும் இல்லை. வெந்நீரில் கொஞ்ச நேரம் நிற்க வைப்பார்கள், அல்லது வெயில் விழும் ஜன்னலில் வைப்பார்கள். இமைச் சுரப்பி எண்ணெயின் உருகும் வெப்பநிலையும் நோயில் சில டிகிரி மேலே போய்விடுகிறது. உடம்புச் சூடு அதை உருக்கப் போதாமல் போகிறது. தேங்கிய எண்ணெயை இமைத்தோலில் எப்போதும் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் உடைக்கின்றன; உடைந்த கொழுப்பு அமிலம் எரிச்சல் தருகிறது, இமை வீங்குகிறது. பாக்டீரியாவுக்கு இந்தக் கதையில் பங்கு உண்டு. ஆனால் அது கன்னம் வைத்து உள்ளே நுழைந்த திருடன் இல்லை. வீட்டிலேயே இருக்கிறவன், சிந்தியதை நக்குகிறவன்.

சிலருக்கு முடி வேரில் டெமோடெக்ஸ் என்ற கண்ணுக்குத் தெரியாத பூச்சி பெருகியிருக்கும். இமை முடியின் அடியில் சின்னக் கழுத்துப்பட்டை போட்டது போல் செதில் சுற்றியிருப்பதை வைத்து டாக்டர் கண்டுபிடித்துவிடுவார். இமைக்கு வழக்கமாகத் தரும் டெட்ராசைக்ளின் வகை ஆன்டிபயாட்டிக் மாத்திரைகள் இந்தப் பூச்சியைக் கொல்லாது. அமெரிக்காவில் இதற்கென்றே 2023 ஜூலையில் அனுமதி பெற்ற சொட்டு மருந்தின் மூலப்பொருள், நாய்களின் உண்ணிக்குக் கொடுக்கும் லோட்டிலானர். இமை நோயென்றால் ஆன்டிபயாட்டிக் என்று அடித்துச் சொல்பவர்கள் இந்தத் தகவலை ஒரு நிமிடம் மென்று பார்க்கலாம்.

இந்த நம்பிக்கை வானத்திலிருந்து விழுந்ததில்லை. அதற்கு ஒரு கௌரவமான பூர்வீகம் உண்டு. இமையின் உட்புறத்தைப் புண்ணாக்கி, தழும்பாக்கி, முடியை உள்பக்கம் திருப்பிக் கருவிழியைக் கீறிக் கண்ணையே பறித்த டிராக்கோமா என்ற நோய் நிஜமான கிருமி நோய். 1963இல் இந்தியா தொடங்கிய தேசிய டிராக்கோமா கட்டுப்பாட்டுத் திட்டத்தில் டெட்ராசைக்ளின் களிம்புதான் முக்கிய ஆயுதம். பிறகு அசித்ரோமைசின் வந்தது. 2024 அக்டோபரில் உலக சுகாதார நிறுவனம் இந்தியாவில் டிராக்கோமா இனி ஒரு பொதுச் சுகாதாரப் பிரச்சினை இல்லை என்று சான்று தந்தது. டெட்ராசைக்ளின் குடும்பத்தின் முதல் மருந்தான ஆரியோமைசின் 1948இல் வெளிவந்தபோது, அதைக் கண்டெடுத்த லெடர்லி ஆய்வகத்தின் ஆராய்ச்சித் தலைவர் நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த பீமாவரத்துக்காரர் எல்லாப்ரகட சுப்பாராவ். கதர் உடுத்திப் போனதால் ஆங்கிலேயப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி முழு எம்.பி.பி.எஸ். பட்டமே கிடைக்காமல் போன மனிதர். அவர் பார்வையில் வளர்ந்த மருந்து கோடிக்கணக்கான கண்களைக் காத்தது என்பதில் மறுப்புக்கு இடமில்லை.

மறுப்பு வேறு இடத்தில். டிராக்கோமாவில் ஜெயித்த மருந்தை, அந்த வெற்றியின் பேரை மட்டும் காட்டி, கிருமியே முதல் காரணமாக இல்லாத நோய்க்குக் கொடுப்பது பழைய தாசில்தாரின் சிபாரிசுக் கடிதத்தை இன்றைய அலுவலகத்தில் நீட்டுவது மாதிரி.

"ஆனால் மாத்திரை போட்டால் குறைகிறதே?" என்பார்கள். குறைவதுண்டு. ஏன் குறைகிறது என்பதில்தான் இந்த நம்பிக்கையின் அடித்தளமே ஆட்டம் காண்கிறது. அந்தக் குடும்பத்தில் இன்று கடையில் கைமாறும் மாத்திரையான டாக்ஸிசைக்ளின் இமையில் செய்வது முக்கியமாக அழற்சியைத் தணிக்கும் வேலை. திசுவை அரிக்கும் சில நொதிகளை அது அடக்குகிறது; எண்ணெயை உடைக்கும் பாக்டீரிய நொதியையும் மட்டுப்படுத்துகிறது. இதற்குக் கிருமியைக் கொல்லும் அளவு தேவையே இல்லை. 2005இல் தென்கொரியாவில் நாட்பட்ட இமைச் சுரப்பி நோய் உள்ள 150 பேரை மூன்று பிரிவாகப் பிரித்துப் பார்த்தார்கள். ஒரு பிரிவுக்கு 200 மில்லிகிராம் தினம் இரண்டு வேளை. இன்னொன்றுக்கு வெறும் 20 மில்லிகிராம் இரண்டு வேளை. மூன்றாவதற்கு மருந்தில்லா மாத்திரை. ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் பத்து மடங்கு அதிகம் விழுங்கியவர்களும் குறைவாக விழுங்கியவர்களும் ஏறக்குறைய ஒரே அளவு தேறியிருந்தார்கள். பக்க விளைவில்தான் வித்தியாசம்: அதிக அளவுப் பிரிவில் 46 பேரில் 18 பேருக்கு, குறைந்த அளவில் 46 பேரில் 8 பேருக்கு. கூடுதல் மில்லிகிராம்களுக்குக் கிடைத்த கூடுதல் பலன் வாந்தியும் வயிற்றுக் கோளாறும்தான்.

பங்காருபேட்டை கவுன்ட்டரில் சாதாரணமாக எடுத்துத் தருவது 100 மில்லிகிராம்.

அந்தக் கொரிய ஆய்வைப் போல இன்னும் ஐம்பது ஆய்வுகள் இருக்கும், எல்லாம் சேர்ந்துதான் இந்த மருந்துக்குச் சான்று தருகின்றன என்று யாராவது நினைத்தால் அதுவும் இல்லை. உலகெங்கும் உள்ள சோதனைகளைச் சலித்தெடுக்கும் காக்ரேன் குழு 2021இல் நாட்பட்ட இமை அழற்சிக்கு வாய்வழி ஆன்டிபயாட்டிக் பற்றிய சான்றுகளைத் திரட்டியது. தகுதிச் சல்லடையில் தங்கியவை இரண்டே இரண்டு ஆய்வுகள், மொத்தம் 220 பேர். அதில் ஒன்று மேலே சொன்ன கொரிய ஆய்வு. இமையின் அறிகுறிகள் சற்றுத் தேறலாம், பக்க விளைவுகள் கூடலாம், உறுதியாக எதுவும் சொல்லப் போதிய சான்று இல்லை என்றுதான் அந்தத் தொகுப்பு முடிகிறது. ஒரு கல்யாண மண்டபத்தின் முதல் பந்தியில் உட்காரும் ஆட்கள்கூட இல்லை. அவர்களை வைத்து ஒரு நாடே மாத்திரை விழுங்குகிறது.

பக்க விளைவு என்றால் வயிற்றெரிச்சல் என்று நிறுத்திக்கொள்வது இந்த நம்பிக்கையின் அடுத்த பகுதி. வயிற்றுக்கு மேலே, தொண்டைக்குக் கீழே இருக்கும் உணவுக்குழாயிலிருந்து ஆரம்பிக்கலாம். தங்கச் சுரங்கம் 2001 பிப்ரவரி 28இல் மூடிய பிறகு தங்கவயலின் பிழைப்பு ரயிலேறிவிட்டது. விடியும் முன்பே மாரிகுப்பத்திலிருந்தும் பங்காருபேட்டையிலிருந்தும் பெங்களூருக்குப் புறப்படும் கூட்டத்தில் ஒருவர், வாயில் மாத்திரையைப் போட்டு பாட்டில் மூடியளவு தண்ணீரில் விழுங்கிவிட்டு ஜன்னலோரம் சாய்ந்து தூங்குவதாக வைத்துக்கொள்வோம். டாக்ஸிசைக்ளின் கேப்சூல் உணவுக்குழாயின் சுவரில் ஒட்டிக்கொண்டால், கரையும்போது அமிலமாகி அந்த இடத்தையே புண்ணாக்கிவிடும். மறுநாள் எச்சில் விழுங்கினாலும் நெஞ்சில் கத்தி இறங்கும். மாரடைப்போ என்று பயந்து ஈசிஜி எடுக்க ஓடுவார்கள். இமைக்குப் போட்ட மாத்திரை என்று யாருக்கும் தோன்றாது. 1975இலேயே ஆஸ்திரேலிய மருத்துவ இதழில் வந்துவிட்ட சமாச்சாரம் இது. தடுக்கும் வழி சுலபம்: சாப்பிட்ட பிறகு, ஒரு பெரிய டம்ளர் தண்ணீரோடு, நிமிர்ந்து உட்கார்ந்து விழுங்க வேண்டும், அரை மணி நேரமாவது படுக்கக் கூடாது. இந்த ஒரு வரியைச் சொல்ல கவுன்ட்டரில் பதினைந்து வினாடி போதும்.

பால் யோசனைக்கு வருவோம். பாலுக்கும் பட்டுக்கும் பேர்போன கோலார் மாவட்டத்தில் அது இயல்பான யோசனைதான். ஆனால் டெட்ராசைக்ளின் குடும்பம் கால்சியத்தைக் கண்டால் கட்டிப்பிடித்துக்கொள்ளும். கட்டிக்கொண்டது ரத்தத்தில் சேராது. பழைய டெட்ராசைக்ளினுக்கு இந்த நஷ்டம் மிக அதிகம், டாக்ஸிசைக்ளினுக்குக் குறைவு. ரத்தசோகைக்கான இரும்புச் சத்து மாத்திரையும் வயிற்றெரிச்சலுக்கான ஜெல்லும் சேர்ந்தால் டாக்ஸிசைக்ளினுக்கும் நஷ்டம் பெரிது. கடைசியில் நடப்பது என்ன? மாத்திரையால் வயிறு எரிய, எரிச்சலுக்கு ஜெல் குடிக்க, ஜெல் மாத்திரையைப் பிடித்துவைக்க, இமை தேறாமல் போக, "டோஸ் பத்தலை" என்று அளவு ஏற்றப்படுகிறது.

வெயில் இன்னொரு கணக்கு. டாக்ஸிசைக்ளின் உள்ளே இருக்கும்போது தோல் சூரியனுக்குக் கூசும். மூக்கு, கன்னம், புறங்கை சிவந்து எரியும், சிலருக்கு நகம் சதையிலிருந்து பிரியும். காரணமான புற ஊதா 'ஏ' கதிர் ஜன்னல் கண்ணாடியையும் கடந்து வரும். "நம்ம கறுப்புத் தோலுக்கு வெயில் ஒண்ணும் பண்ணாது" என்ற தைரியம் இதில் பலிக்காது. நம் தோல் சிவப்பதைவிடக் கறுப்பதே அதிகம் என்பதால் அதை மருந்தின் வேலை என்று கண்டுபிடிப்பதும் தாமதம். ஃபேர்னஸ் கிரீம் வாங்கி முடித்திருப்பார்கள்.

பெண்களுக்கு வரும் ஒரு தொல்லையைச் சொல்லாமல் நகர முடியாது, ஏனென்றால் அவர்களே சொல்ல மாட்டார்கள். நல்ல பாக்டீரியாக்கள் குறைந்த இடத்தில் காளான் பெருகி, பிறப்புறுப்பில் அரிப்பும் வெள்ளைப்படுதலும் வரும். இமைக்கு மாத்திரை எழுதிய ஆண் டாக்டரிடம் போய் இதைச் சொல்ல எத்தனை பேருக்கு வாய் வரும்? அதற்குத் தனியாக இன்னொரு கடையில் இன்னொரு மாத்திரை.

எட்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இமைக்காக இந்த வகை மருந்து கூடாது என்பது பாடப்புத்தகப் பாலபாடம். வளரும் பல்லில் இது படிந்து நிரந்தரமாக நிறம் மாற்றும். கோலார் மாவட்டத்தில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரின் ஃபுளோரைடால் பல் பழுப்பேறியவர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள். ஒரு பிள்ளையின் பல் கறையானால் பழி தண்ணீர் மேல்தான் விழும்.

இத்தனைக்கும் மேலே ஒன்று இருக்கிறது. கண்ணுக்காக விழுங்கும் மருந்து பார்வையையே தொடும் இடம் அது. அரிதாக, டெட்ராசைக்ளின் வகை மருந்துகள் மண்டையோட்டுக்குள் நீர் அழுத்தத்தை ஏற்றிவிடும். இளவயது, எடை கூடிய பெண்களிடம் இது அதிகம். முகப்பருவுக்காக வைட்டமின் ஏ வகை மருந்தான ஐசோட்ரெடினாயின் எடுப்பவர்கள் இதைச் சேர்த்து எடுக்கவே கூடாது. தலைவலி வரும். குனிந்து நிமிர்ந்தால் ஓரிரு வினாடி கண் இருட்டும், காதில் நாடித் துடிப்போடு 'உஷ் உஷ்' சத்தம் கேட்கும், சில சமயம் ஒன்று இரண்டாகத் தெரியும். கண்ணின் பின்புறம் பார்வை நரம்பு வீங்குகிறது. நீடித்தால் பார்வை திரும்பாமலே போகலாம். ஆனால் தலைவலியும் கண் இருட்டலும் வந்தால் நம் வீடுகளில் முதல் தீர்ப்பு "பவர் ஏறிடுச்சு" என்பது. புதுக் கண்ணாடி வாங்கி மாட்டிக்கொண்டு அதே மாத்திரையைத் தொடர்வார்கள். கருமணியை விரித்துப் பின்புறம் பார்க்கும் ஐந்து நிமிடச் சோதனைதான் இதைக் காட்டிக்கொடுக்கும்.

டாக்ஸிசைக்ளின் கட்சி இந்த இடத்தில் கொஞ்சம் பின்வாங்கி அசித்ரோமைசினைக் களமிறக்கும். அதற்குச் சான்றும் உண்டு: 2015இல் ஈரானில் 110 பேரிடம் நடந்த சோதனையில் ஐந்து நாள் அசித்ரோமைசின், ஒரு மாத டாக்ஸிசைக்ளினைவிடச் சற்று மேலான பலனைத் தந்தது, வயிற்றுத் தொல்லையும் குறைவு. நல்லது. ஆனால் வயிற்றைக் காப்பாற்றிய மருந்து இதயத்தின் மின்னோட்டத்தில் கை வைக்கிறது. அமெரிக்காவின் டென்னசியில் நடந்து 2012இல் வெளியான பெரிய ஆய்வு, அமாக்ஸிசிலினோடு ஒப்பிட்டால் பத்து லட்சம் அசித்ரோமைசின் சிகிச்சைக்கு 47 இதயநோய் மரணங்கள் கூடுதல் என்று கணக்கிட்டது. இதய ஆபத்து மிக அதிகம் உள்ளவர்களிடையே அது 245. மறு ஆண்டே அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் எச்சரிக்கை விடுத்தது. தனி ஒருவருக்கு இது மிகச் சிறிய ஆபத்துதான், மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் நம் ஊரில் அந்த மாத்திரை தனியாகப் போவதில்லை. "கேஸ் வராம இருக்க" என்று கூடவே பேன்டோபிரசோலும் டோம்பெரிடோனும் சேர்ந்த கேப்சூல் போகும். டோம்பெரிடோனும் அசித்ரோமைசின் போலவே இதயத் துடிப்பின் மின் இடைவெளியை நீட்டக்கூடியது. மூட்டுவாதத்துக்கு ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் எடுப்பவர்களுக்குக் கண் வறட்சியும் இமை எரிச்சலும் சகஜம். அந்த மருந்தும் அதே இடத்தில் வேலை செய்வது. மூன்றும் ஒரே பையில் போனால் கணக்குப் போட ஆளில்லை.

இன்னும் ஒரு கணக்கு உண்டு. 2019இல் இந்தியத் தனியார் சந்தையில் மிக அதிகம் நுகரப்பட்ட ஆன்டிபயாட்டிக் வடிவமே 500 மில்லிகிராம் அசித்ரோமைசின் மாத்திரைதான். அடுத்த இரண்டு ஆண்டுகளில் கொரோனா வந்து அதையும் டாக்ஸிசைக்ளினையும் வீட்டு அலமாரிக்கே கொண்டுவந்து சேர்த்தது. இரண்டாலும் கொரோனாவுக்குப் பயனில்லை என்று 2021இல் பிரிட்டனின் பெரிய சோதனைகள் காட்டிவிட்டன. மிஞ்சிய அட்டைகள் மட்டும் காலண்டருக்குப் பின்னால் தங்கிவிட்டன. இமையில் வாழும் பாக்டீரியாக்கள் இப்படி அடிக்கடி மருந்து பார்த்துப் பழகினால் யாருக்கு நஷ்டம்? கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகு கண்ணுக்குள் சீழ் பிடிக்கும் அரிய விபத்தில், உள்ளே போகும் கிருமி பெரும்பாலும் நோயாளியின் சொந்த இமையில் வாழ்ந்ததுதான். அறுபது வயதில் ஆபரேஷன் மேசையில் படுக்கும்போது, நாற்பது வயதில் வளர்த்துவிட்ட மருந்துக்கு அடங்காத கிருமி இமையோரத்தில் காத்திருக்கும்.

வாய்வழி மாத்திரை வேண்டாம், களிம்பும் சொட்டும் மட்டும் என்று கேட்பவர்கள் பிழைத்தார்களா? நியோமைசின் கலந்த களிம்பு இமைத்தோலில் ஒவ்வாமை தருவதில் பேர்போனது. போடப் போட அரிப்பு கூடும். அரிப்பு கூடக் கூட இன்னும் கொஞ்சம் போடுவார்கள். இதைவிட மோசம் ஆன்டிபயாட்டிக்கோடு டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு சேர்ந்த சொட்டு. இரண்டே நாளில் சிவப்பு மறையும், மருந்து அற்புதம் என்று பேர் வாங்கும். அற்புதம் செய்தது ஸ்டீராய்டு. பேர் தட்டிக்கொண்டு போனது ஆன்டிபயாட்டிக். மாதக்கணக்கில் தானாக வாங்கி ஊற்றினால் கண் அழுத்தம் ஏறி, வலியே இல்லாமல் பார்வை ஓரத்திலிருந்து சுருங்கும். கண்புரையும் சீக்கிரம் வரும்.

"ராணுவத்துக்காரங்க மலேரியா வராம இருக்க மாசக்கணக்கா தினம் ஒரு டாக்ஸி போடுறாங்களே" என்பது படித்தவர்கள் வைக்கும் வாதம். உண்மைதான், தினம் 100 மில்லிகிராம். எதிர்த்தட்டில் இருப்பது ஆளைக் கொல்லும் மலேரியா. அங்கே தொண்டைப் புண்ணையும் வெயில் எரிச்சலையும் பொறுத்துக்கொள்வது லாபக் கணக்கு. ஆளைக் கொல்லாத, பார்வையைப் பெரும்பாலும் தொடாத, வெந்நீர் ஒத்தடத்தில் பாதி தணியக்கூடிய இமை எரிச்சலுக்கு அதே விலையைக் கொடுப்பது எந்தக் கணக்கு?

தங்கவயலில் இன்னொரு வாதமும் காதில் விழும்: எல்லாம் சயனைடு மேட்டுத் தூசி. நூறு ஆண்டுக்கும் மேலாகத் தங்கம் எடுத்துக் கொட்டிய கழிவு மண், 3 கோடி டன்னுக்கு மேல், குன்று குன்றாக நிற்கிறது. கோடைக் காற்றில் அந்த வெள்ளைத் தூள் வீட்டுக்குள் வந்து சோற்றுத் தட்டில் படிவதாகச் சொல்வார்கள். கண்ணை உறுத்தத்தான் செய்யும். உறுத்தும் தூளுக்கு மருந்து கழுவுவதும் காப்புக் கண்ணாடியும், மேட்டில் புல் மூட வைக்கும் அரசாங்கமும். தூசியைக் கொல்லும் ஆன்டிபயாட்டிக்கை இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை.

பக்க விளைவுகளின் பட்டியலில் எந்த மருந்து டப்பாவிலும் அச்சாகாத ஒன்று தாமதம். ஒரே கண்ணில், ஒரே இடத்தில், ஐம்பது அறுபது வயதுக்காரருக்குக் கட்டி போய்ப் போய் வந்தாலோ, அந்த இடத்தில் மட்டும் இமைமுடி உதிர்ந்தாலோ அது இமைச் சுரப்பியின் புற்றுநோயாக இருக்கலாம். மேலை நாடுகளில் அபூர்வமான இந்தப் புற்று, இந்தியாவில் இமைப் புற்றுகளில் முன்வரிசையில் நிற்பது. பார்க்கச் சாதாரணக் கண்கட்டி மாதிரியும் ஆறாத இமை அழற்சி மாதிரியும் வேஷம் போடும். ஒரு துண்டு எடுத்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் தெரிந்துவிடும். ஆறு மாதம் ஆன்டிபயாட்டிக் மாற்றி மாற்றிப் போட்டவருக்கு அந்த ஆறு மாதம்தான் போனது. அடிக்கடி கண்கட்டி வருகிறவர்களுக்குச் சர்க்கரை பார்க்க வேண்டும் என்ற எளிய விஷயமும் இப்படித்தான் மாத்திரை அட்டைக்கு அடியில் மறைந்துபோகிறது.

இதைப் படித்துவிட்டு "அப்பவே சொன்னேன், இங்கிலீஷ் மருந்தே விஷம்" என்று எழும் கூட்டத்துக்கும் இங்கே இடமில்லை. தாய்ப்பால், தேன், விளக்கெண்ணெய், உரைத்த கிராம்பு, சூடேற்றிய மோதிரம் என்று கண்ணில் வைத்தவர்கள் கருவிழிப் புண்ணோடு வந்த கதைகள் கண் டாக்டர்களிடம் ஏராளம். முகத்தில் ரோசேசியா என்ற தோல் நோயும் சேர்ந்திருந்தால், கருவிழி ஓரம் புண்ணானால், இமை வீக்கம் காய்ச்சலோடு கன்னம் வரை பரவினால் ஆன்டிபயாட்டிக் தேவைப்படும், சில சமயம் உடனடியாக. நம் தோல் நிறத்தில் ரோசேசியாவின் சிவப்பு எடுத்துக் காட்டாததால் அது பல முறை தவறவிடப்படுகிறது என்பதும் உண்மை. அந்த முடிவை எடுக்க இமையைத் திருப்பி, அழுத்தி, விளக்கு வைத்துப் பார்த்த ஒருவர் வேண்டும். எந்த அளவு, எத்தனை வாரம், எப்போது நிறுத்துவது, தலைவலி வந்தால் என்ன செய்வது என்று அவர் சொல்லியாக வேண்டும்.

அதற்கு முன்னால் செய்ய வேண்டியது அலுப்பான வேலை. சுத்தமான துணியை, கை பொறுக்கும் சூட்டு வெந்நீரில் நனைத்துப் பிழிந்து மூடிய இமை மேல் வைக்க வேண்டும். இரண்டு நிமிடத்தில் துணி ஆறிவிடும். நம்மில் பெரும்பாலோர் அந்த ஆறிய துணியையே பத்து நிமிடம் வைத்துக்கொண்டு "ஒத்தடம் கொடுத்தேன், கேக்கலை" என்கிறோம். திரும்பத் திரும்ப நனைத்து எட்டு, பத்து நிமிடம் சூடு நிற்க வேண்டும். பிறகு மேல் இமையை மேலிருந்து கீழாகவும் கீழ் இமையைக் கீழிருந்து மேலாகவும் முடிவரிசை நோக்கி விரலால் மெல்ல நீவ வேண்டும். தண்ணீரில் கலந்த குழந்தை ஷாம்பூ தொட்ட பஞ்சால் முடி வேரைத் துடைக்க வேண்டும். தினம் இரண்டு வேளை, வாரக்கணக்கில். தேறிய பிறகும் தினம் ஒரு வேளை. ஐந்து மணி ரயிலைப் பிடிக்கிறவருக்கு இதைச் சொல்வது லேசு, செய்வது கஷ்டம். மாத்திரை ஜெயிக்கும் இடம் இதுதான். அதன் போட்டியாளர் இன்னொரு மருந்து இல்லை, விடிகாலையில் இல்லாத பத்து நிமிடம். ஒத்தடத்தை இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று நோயாளியோடு உட்கார்ந்து நேரம் குறித்துத் தருகிற டாக்டர்கள் இருக்கிறார்கள். ஆனால் வெளியே நாற்பது பேர் டோக்கனோடு நிற்கும்போது, ஒத்தடத்தை விளக்குவதைவிட மாத்திரை எழுதுவது சீக்கிரம் முடிகிற வேலை.

சட்டம் என்று ஒன்று இருக்கிறதே என்றால், இருக்கிறது. டாக்ஸிசைக்ளினும் அசித்ரோமைசினும் ஷெட்யூல் 'எச்' மருந்துகள்; சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. 2014 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த 'எச்-1' பட்டியலில், வாங்குபவர் பேர் எழுதி வைக்க வேண்டிய கடுமையான கட்டத்தில், இந்த இரண்டும் இல்லை. 2016இல் மத்திய அரசு ஆன்டிபயாட்டிக் அட்டைகளின் சிவப்புக் கோட்டைக் காட்டி விளம்பரம் செய்தது: கோடு இருந்தால் டாக்டர் சொல்லாமல் வாங்காதீர்கள். பத்து மாத்திரை வாங்கக் காசில்லாத அம்மாவுக்குக் கடைக்காரர் கத்தரிக்கோலை எடுத்து நாலு மாத்திரையை மட்டும் வெட்டித் தருகிறார். மருந்தின் பேரில் பாதியும், காலாவதித் தேதியும், சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்ற பொடி எழுத்து எச்சரிக்கையும் மீதி ஆறு மாத்திரையோடு டிராயருக்குள் போகின்றன. அம்மா நாலு மாத்திரையை முந்தானை முனையில் முடிந்துகொள்கிறார்.